நாம ஜபம்: பஜனை முடிஞ்சு சுண்டல் வாங்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க தெரு பிள்ளையார் கோயில் மண்டபத்துல சனிக்கிழமை சாயங்காலம் பஜனை, நான் அதுல ஜால்ரா போடுறவன். நிஜ ஜால்ராதான், ஆபீஸ்ல போடுற ஜால்ரா இல்ல. பண்டிதன் கிடையாது, சமஸ்கிருதம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். ஆனா கும்பகோணம் பக்கத்துல பொறந்து வளர்ந்ததால காதுல விழுந்தது நிறைய. பஜனை முடிஞ்சு சுண்டல் குடுக்கும்போது திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை இங்க எழுதி வெச்சிருக்கேன். வரிசை எல்லாம் பெருசா பாக்காதீங்க.

நாம ஜபம்னா என்ன? மந்திர ஜபமும் அதுவும் ஒண்ணா?

கடவுளோட பேரைத் திரும்பத் திரும்ப சொல்றது நாம ஜபம், அவ்ளோதான். ராமா, கிருஷ்ணா, சிவசிவா, முருகா, அம்மா எதுவும் சரி. மந்திரம்னா அதுக்கு உபதேசம், அங்கநியாசம் (மந்திரம் சொல்லி உடம்பு அங்கங்களைத் தொடறது), உச்சரிப்பு, நேரம்னு ஒரு சட்டதிட்டம் இருக்கு. நாமத்துக்கு அது ஒண்ணும் கிடையாது. கலிசந்தரண உபநிஷத்துல நாரதர் பிரம்மாகிட்ட கலியுகத்துல கரையேற வழி கேக்கறார், அவர் ஹரே ராம ஹரே கிருஷ்ணன்னு 16 நாமத்தைச் சொல்றார். உடனே நாரதர் நம்ம ஆளுங்க மாதிரியே இதுக்கு என்ன விதின்னு கேக்கறார். விதி ஒண்ணும் கிடையாது, சுத்தமா இருந்தாலும் இல்லாட்டியும் எப்பவும் சொல்லலாம்னு பதில். அந்த உபநிஷத்தே ரொம்பச் சின்னது, அதுலயும் இதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க பாருங்க.

ஓரமா ஒண்ணு: அந்த உபநிஷத்துல ஹரே ராமதான் முன்னாடி வரும், நம்ம ஊர் பஜனையிலயும் அப்படித்தான். இஸ்கான்காரங்க ஹரே கிருஷ்ணாவை முன்னாடி வெச்சு சொல்வாங்க. அதுக்காக சண்டை போட்டவங்களை நான் நேர்ல பாத்திருக்கேன், வேண்டாம்.

சும்மா ஒரே பேரைத் திரும்பத் திரும்ப சொல்றதுல அப்படி என்ன இருக்கு?

இதைக் கேக்காத ஆளே இல்ல, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு கவனிங்க, நாம ஏற்கனவே சொல்லிக்கிட்டுதான் இருக்கோம். உக்காரும்போது "அப்பா முருகா", கெட்ட சேதி கேட்டா "சிவசிவா", வயசானவங்களை "ராமா கிருஷ்ணான்னு ஒரு மூலையில இரு"ன்னு விரட்டறது, பணம் போச்சுன்னா "கோவிந்தா", தொழில் படுத்துடுச்சுன்னா "அரோகரா". திட்டறதுக்கும் தோத்ததுக்கும் கூட நம்ம மொழியில சாமி பேருதான் வருது. அரோகரா எங்கேந்து வந்துச்சு, ஹர ஹரா தான் அப்படி ஆச்சு. ஆக நாக்குக்கு இது புதுசு இல்ல, தெரிஞ்சு சொல்றோமா தெரியாம சொல்றோமாங்கறதுதான் வித்தியாசம்.

ரெண்டாவது, இதுல பெரியாழ்வார் சொன்னதுதான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. உடம்பு தளர்ந்து கடைசி நேரம் வந்து நலியும்போது என்னால உன்னை நினைக்க முடியாது, அதனால "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன் அரங்கத்து அரவணைப் பள்ளியானே"ன்னு பாடறார். இதுல பெரிய தத்துவம் எதுவும் இல்ல, பேங்க்ல போட்டு வெக்கிற மாதிரி ஒரு முன்னேற்பாடு. மனசு நம்ம கைவிட்டுடும்னு அவருக்குத் தெரியுது, அதனால மனசை நம்பாம நாக்கை நம்பறார்.

எங்க பாட்டி இதைப் படிச்சவ இல்ல. அவளுக்கு சமையல்கட்டுல கடிகாரமே கிடையாது, எல்லாம் ராம நாமக் கணக்கு. டிகாக்ஷன் இறங்க மூணு மாலை, ரசம் நுரை கட்ட ரெண்டு, குக்கர் வந்தப்புறமும் விசிலை எண்ண மாட்டா, இதைத்தான் எண்ணுவா. மாலை எல்லாம் கையில வெச்சுக்க மாட்டா, கட்டைவிரலால மத்த விரல் கணுவைத் தொட்டுத் தொட்டு எண்ணறது, நாலு விரல்ல 12 கணு, அதை 9 சுத்து சுத்தினா 108. கடைசியில பக்கவாதம் வந்து பேச்சு சுத்தமா போச்சு, தண்ணி வேணும்னு கூட சொல்ல வராது, எங்களை எல்லாம் யாருன்னு தெரிஞ்சுதான்னும் தெரியல. ஆஸ்பத்திரி பெட்ல படுத்திருக்கா, இடது கை அசைவே இல்ல, வலது கைல மட்டும் கட்டைவிரல் ஆள்காட்டி விரல் அடிக்கணுலேந்து மேல போகுது, அடுத்த விரலுக்கு வருது, திரும்ப மேல போகுது. நர்ஸம்மா அதை ஏதோ நடுக்கம்னு நினைச்சு டாக்டரைக் கூப்பிட்டுட்டு வந்தாங்க. அம்மாதான் சொன்னா, அது நடுக்கம் இல்லங்க, எண்ணிட்டு இருக்காங்கன்னு.

"என்ன இருக்கு"ன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். அர்த்தம், தத்துவம் எல்லாம் அப்புறம்.

எந்தப் பேரைச் சொல்றது? ராசிக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருக்கா?

ராசிக்கெல்லாம் இல்ல. பயந்தா, வலிச்சா, உங்களை அறியாம வாய்ல எந்தப் பேரு வருதோ அதுதான் உங்க பேரு. குலதெய்வமா இருந்தாலும் சரி. பேச்சியம்மான்னோ முனியப்பான்னோ சொன்னா அது நாமம் இல்லையான்னு ஒருத்தர் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏங்க, உங்க தாத்தாவும் அவங்க தாத்தாவும் கூப்பிட்ட பேருங்க அது, அதைவிட என்ன வேணும்.

ஒண்ணு மட்டும், அடிக்கடி மாத்தாதீங்க. யூடியூப்ல ஒரு வீடியோ பாத்துட்டு இந்த வாரம் இது, அடுத்த வாரம் அதுன்னு போனா பத்து இடத்துல பத்தடி கிணறு வெட்டின கதைதான்.

சிவன் பேரா பெருமாள் பேரா? ரெண்டையும் சொல்லலாமா?

தாராளமா. நம்ம பக்கத்து பஜனையைப் பாருங்க, ஒருத்தர் "நம: பார்வதீ பதயே"ங்கறார், எல்லாரும் "ஹர ஹர மகாதேவா"ங்கறாங்க. அடுத்த நிமிஷமே "கோபிகா ஜீவன ஸ்மரணம்", எல்லாரும் "கோவிந்தா கோவிந்தா". யாரும் மூச்சு விட்டு யோசிக்கறதில்ல.

கோவிந்தபுரம் போதேந்திரர் 17ஆம் நூற்றாண்டு, ராம நாமத்துக்காகவே வாழ்ந்தவர், சிவ நாமமும் விஷ்ணு நாமமும் வேற வேறன்னு பிரிக்கறதே தப்புன்னு எழுதினவர். அவர் காலத்துலயே திருவிசநல்லூர்ல இருந்த ஸ்ரீதர ஐயாவாள் பரம சிவபக்தர், ஆனா கிருஷ்ணன் உற்சவமும் அவர் வீட்டுல நடக்கும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்த நாம சித்தாந்தத்தைக் காவிரிக்கரையில பரப்பினாங்க.

பெரியவங்க ஒரு வார்த்தை விளையாட்டும் சொல்வாங்க: ஓம் நமோ நாராயணாயங்கற எட்டெழுத்துல வர்ற நாராயணாய-லேந்து "ரா" எடுத்துட்டா "நாயணாய", கதி இல்லன்னு ஆயிடும். அஞ்செழுத்தான நமசிவாய-லேந்து "ம" எடுத்துட்டா "நசிவாய", மங்களம் இல்லன்னு ஆயிடும். ரெண்டு மந்திரத்துக்கும் உயிரா இருக்கற எழுத்தைச் சேர்த்தா "ராம". இலக்கணப்படி எல்லாம் நோண்டாதீங்க, ரசிக்கத்தான்.

நமசிவாயங்கறதுக்கு உண்மையில என்ன அர்த்தம்?

நேர் அர்த்தம் சிவனுக்கு வணக்கம். யஜுர்வேதத்துல ஸ்ரீருத்ரத்துக்கு நடுவுல இது வருது. ஆனா நம்ம சைவ சித்தாந்தக்காரங்க ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சு ஒரு விஷயம் வெச்சிருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது. சி-ன்னா சிவம், வா-ன்னா அருள், ய-ன்னா உயிர் அதாவது நாம, ந-ன்னா மறைக்கற சக்தி, ம-ன்னா மலம், நம்ம அழுக்கு. இப்போ அதை சிவாயநமன்னு எழுதிப் பாருங்க. ய நடுவுல உக்காந்திருக்கு. ஒரு பக்கம் சிவனும் அருளும், இன்னொரு பக்கம் மறைப்பும் அழுக்கும், நட்ட நடுவுல நாம, எந்தப் பக்கம் திரும்பறோம்ங்கறதுதான் விஷயம். ஒரு அஞ்செழுத்துக்குள்ள நம்ம நிலைமையை மேப் போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட நாள்லேந்து "ய" சொல்லும்போது எனக்கு லேசா ஒரு கூச்சம் வரும்.

அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அப்ப அவர் பாடினதுதான் "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே". கல்லு தெப்பமாகி திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரை சேர்ந்தார்னு வரலாறு. கல்லு மிதக்குமான்னு கேக்கற ஆளுங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா கழுத்துல கல்லோட ஒரு மனுஷன் "துணை"ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டார் பாருங்க, காப்பாத்துன்னு கூட இல்ல, துணைன்னு. நான் திரும்பத் திரும்ப அங்கதான் போய் நிக்கறேன்.

குரு இல்லாம சொல்லலாமா?

நாமத்துக்கு வேண்டாம். மந்திரமா எடுக்கணும்னா உங்க சம்பிரதாயத்துல பெரியவங்ககிட்ட கேட்டுக்கோங்க, அதை நான் சொல்லக் கூடாது. ஆனா ராமானுஜர் கதை ஞாபகம் வெச்சுக்கோங்க. திருக்கோஷ்டியூர் நம்பிகிட்ட 18 தடவை நடையா நடந்து, வெளியே சொன்னா நரகம்னு எச்சரிச்சுக் குடுத்த உபதேசத்தை வாங்கி, கோயில்ல மேல ஏறி நின்னு எல்லாருக்கும் சொல்லிட்டார், நான் ஒருத்தன் நரகம் போனா போறேன்னு.

குளிக்காம சொல்லலாமா? மாசத்துல அந்த மூணு நாள் சொல்லலாமா?

சொல்லலாம்.

இந்தக் கேள்வியை எப்பவும் தனியா வந்து, மெதுவா, ஒரு பொண்ணுதான் கேக்கும், அதனால நான் சத்தமாவே எழுதறேன். சபையில துச்சாதனன் இழுத்துட்டு வந்தப்ப திரௌபதி எந்த நிலைமையில இருந்தா? மாசவிலக்குல ஒத்தைப் புடவையோட இருந்தான்னு மகாபாரதமே சொல்லுது. அப்பதான் கோவிந்தான்னு கூப்பிட்டா. வைணவ ஆசார்யர் பிள்ளை லோகாசார்யர் இதையே எடுத்துக் காட்டி, திரௌபதி என்ன குளிச்சுட்டு வந்தா சரணாகதி பண்ணினான்னு கேக்கற மாதிரி எழுதி வெச்சிருக்கார். கோயிலுக்குப் போறது, பூஜை ரூம், விளக்கு ஏத்தறது இதெல்லாம் உங்க வீட்டு வழக்கம், அதுல நான் தலையிடல. வாய்க்குள்ள ஒரு பேரைச் சொல்றதுக்கு யாரும் பர்மிஷன் குடுக்க வேண்டியதில்ல.

சொல்ல உக்காந்தா மனசு எங்கெங்கயோ போகுது. பிரயோஜனம் உண்டா?

எனக்கும் போகும். நேத்து மூணாவது மாலையில கேஸ் புக் பண்ணினோமான்னு ஆரம்பிச்சு, சிலிண்டர் போடற பையன், அவன் பைக், என் பைக் இன்ஷூரன்ஸ்னு போய் திரும்பி வந்தா கையில மேரு மணி, அதாவது மாலை முடியற இடத்து மணி இருக்கு, நடுவுல 80 மணி எப்படிப் போச்சுன்னே தெரியல. போகட்டும். மனசு நின்னப்புறம்தான் சொல்வேன்னா அலை ஓய்ஞ்சப்புறம் கடல்ல குளிக்கிறேன்னு உக்காந்த ஆள் கதை.

ஒரு சின்ன உபாயம்: நீங்க சொல்றது உங்க காதுல விழற அளவுக்கு மெல்ல சொல்லுங்க, காதுக்கு ஒரு வேலை குடுங்க. பாதி அலைச்சல் குறையும்.

அழுகை வருது, அது சரியான்னு ஒரு அம்மா கேட்டாங்க. "காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி" ஓதறதைத்தான் சம்பந்தரே பாடியிருக்கார், அதுவும் அவர் கல்யாணத்தன்னிக்கு நல்லூர்ப் பெருமணத்துல. வந்தா வரட்டும். வரலன்னா வரவழைக்க வேண்டாம்.

சத்தமா சொல்றதா, மனசுக்குள்ளயா?

மூணு விதம் சொல்வாங்க: மத்தவங்க காதுல விழற மாதிரி வாசிகம், உதடு மட்டும் அசையற உபாம்சு, உதடும் அசையாத மானசம். யாகத்தைவிட ஜபம் 10 மடங்கு, உபாம்சு 100 மடங்கு, மானசம் 1000 மடங்குன்னு மனுஸ்மிருதியில ஒரு கணக்கு இருக்கு. யஜ்ஞங்கள்ல நான் ஜப யஜ்ஞம்னு கீதை பத்தாவது அத்தியாயத்துலயும் வருது.

ஆனா போதேந்திரர் மாதிரி நாமக்காரங்க கட்சி வேற: உரக்க சொல்லு, உனக்கு மட்டும் இல்ல, பக்கத்துல கேக்கற மனுஷன், ஆடு மாடு, மரம் எல்லாத்துக்கும் போகட்டும். என் கேஸ்ல பஸ்ல மானசம், பஜனையில தொண்டை கிழியறது. அதுக்காக விடிகாலை நாலரைக்கு ஹார்ன் ஸ்பீக்கர் கட்டி ஊரையே எழுப்பறது இருக்கே, பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைங்க, கைக்குழந்தைக்காரங்க வாய்லேந்து அப்ப வர்ற நாமம் வேற மாதிரி இருக்கும்.

ஏன் 108? மாலையை எப்படிப் பிடிக்கணும்?

108க்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க: 27 நட்சத்திரம் நாலு பாதம், 12 ராசி 9 கிரகம்னு. எது ஏத்துக்கிட்டாலும் சரி. வலது கை நடுவிரல் மேல மாலை, கட்டைவிரலால தள்றது, ஆள்காட்டி விரல் படாம. மேரு மணியைத் தாண்டாம மாலையைத் திருப்பிக்கணும். பெருமாள் நாமத்துக்குத் துளசி, சிவ நாமத்துக்கு ருத்திராட்சம், பொதுவா ஸ்படிகம். விரல்ல மோதிரம் மாதிரி மாட்டிக்கிற கவுன்டர் இப்ப எல்லாக் கடையிலயும் கிடைக்குது, தப்பில்ல, ஆனா நம்பர் ஏறறதைப் பாக்கற ஆசை வந்துடும், ஜாக்கிரதை.

தியாகராஜ சுவாமி 96 கோடி ராம நாமம் சொன்னாராமே, அது நிஜமா? நாங்களும் கோடி கணக்கு வெச்சுக்கணுமா?

பரம்பரையா சொல்ற கணக்கு: தினம் 1,25,000 வீதம் 21 வருஷம். பெருக்கிப் பாருங்க, 95.8 கோடி வருது, ஆக கணக்கு இடிக்கல. ஆனா இன்ஜினியர் பையன் ஒருத்தன் எங்க மண்டபத்துலயே மொபைலை எடுத்தான். ஒரு நாளைக்கு 86,400 செகண்டுதான் சார், செகண்டுக்கு ஒண்ணு சொன்னா கூட பத்தாதேன்னான். சரிதாண்டா, செகண்டுக்கு ரெண்டுன்னா 17 மணி நேரத்துக்கு மேல ஆகுது, நடுவுல அவர் உஞ்சவிருத்தி, அதாவது தெருத்தெருவா பாடிக்கிட்டே அரிசி வாங்கப் போகணும், சிஷ்யனுங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கணும். அதனால பொய்யின்னு சொல்றியான்னு பெரியவர் ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார். எனக்குத் தோணறது, தூக்கம், சாப்பாடு, பாட்டு எல்லாத்துலயும் உள்ள அது ஓடிக்கிட்டே இருந்துச்சுங்கறதை ஊர் ஒரு நம்பரா சொல்லி வெச்சிருக்கு. திருவையாத்துல அவர் சமாதி முன்னாடி நின்னா நம்பரைப் பத்தி யாருக்கும் ஞாபகம் வராது.

நமக்கு? தினம் 1,000 ராம நாமம் எழுதினா ஒரு கோடி முடிக்க 10,000 நாள், அதாவது 27 வருஷத்துக்கு மேல. ஆரம்பிக்கறதுன்னா சின்ன வயசுலயே ஆரம்பிங்க, முடிக்கணும்னு ஆரம்பிக்காதீங்க.

சஹஸ்ரநாமம் சொல்ல நேரமில்ல. ஒரு பேரு சொன்னா போதுமா?

அதுக்கு விஷ்ணு சஹஸ்ரநாமத்துக்குள்ளயே பதில் இருக்கு. பீஷ்மர் அம்புப் படுக்கையில தர்மபுத்திரருக்கு ஆயிரம் நாமம் சொல்லி முடிச்சப்புறம், சொன்னா என்ன பலன்னு சொல்ற பலஸ்ருதி பகுதியில பார்வதி சுலபமான வழி கேக்கறா, பரமசிவன் "ஸ்ரீராம ராம ராமேதி" சொல்றார், ராம நாமம் ஆயிரத்துக்குச் சமம்னு. கடபயாதின்னு எழுத்துக்கு எண் குடுக்கற ஒரு முறை உண்டு, அதுல "ர" 2, "ம" 5, பெருக்கினா 10. ஸ்லோகத்துல ராம மூணு தடவை, 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, ஆயிரம். மொத தடவை இதைக் கேட்டப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அதுக்காக நேரம் இருக்கும்போதும் ஷார்ட்கட் போடாதீங்க.

என்ன பாவம் பண்ணினாலும் நாமம் சொன்னா போயிடுமா? அப்ப தப்பு பண்ணிட்டு சொல்லிக்கலாமே?

இதுக்குப் பேரே நாம அபராதம். பெரியவங்க பத்து அபராதம் எண்ணி வெச்சிருக்காங்க, சாதுக்களைத் திட்டறது, சிவ விஷ்ணு பேதம் பாக்கறது, நாம மகிமையை சும்மா புகழ்ச்சின்னு நினைக்கறதுன்னு, அதுல நாமம் இருக்குங்கற தைரியத்துல பாவம் பண்றதும் ஒண்ணு. சோப்பு இருக்குன்னு சேத்துல உருள்ற மாதிரி.

ஆனா இன்னொரு பக்கம் அஜாமிளன் கதை. பாகவதம் ஆறாவது ஸ்கந்தம், கன்னியாகுப்ஜத்து பிராமணன், எல்லா ஒழுக்கமும் விட்டவன், சாகும்போது எமதூதர்களைப் பாத்த பயத்துல கடைசிப் பையன் நாராயணனைக் கூப்பிட்டான். கூப்பிட்டது பையனைத்தான், சாமியை இல்ல. அதுக்கே விஷ்ணு தூதர்கள் வந்து நின்னுட்டாங்க. கதையில ஒண்ணு கவனிங்க, அவன் உடனே வைகுண்டம் போகல. பொழைச்சு எழுந்து, வெக்கப்பட்டு, வீட்டை விட்டு கங்கைக்கரைக்குப் போய் மிச்ச நாளை வேற மாதிரி வாழ்ந்தான். இந்தப் பாதியை உபன்யாசத்துலயே சிலர் விட்டுடறாங்க.

அதனாலதான் நம்ம பக்கம் குழந்தைங்களுக்கு சாமி பேரு வெச்சாங்க. காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனுஷங்க பேரை வெக்காதீங்க, நாரணன்னு வெச்சா அந்தப் புள்ளையோட அம்மா நரகம் போக மாட்டாள்னு பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கார். நாம என்ன பண்றோம், நாராயணன்னு வெச்சுட்டு நாணு, வெங்கடேசனை வெங்கி, சுப்பிரமணியனை சுப்பு. அஜாமிளன் "டேய் நாணு"ன்னு கூப்பிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்க பாகவதர்கிட்ட கேட்டேன். வர்றவன் எப்படிக் கூப்பிட்டாலும் வருவான், உனக்கு வேற வேலை இல்லையான்னார்.

தனியா சொல்றதுக்கும் பஜனைக்கும் என்ன வித்தியாசம்?

தனியா சொல்லும்போது தூக்கம் வரும், பஜனையில வராது. சீரியஸாவே அதுதான் முக்கியமான வித்தியாசம். நம்ம தஞ்சாவூர் ஜில்லா பஜனைக்கு ஒரு வரிசை இருக்கு: தோடய மங்களம், குரு கீர்த்தனை, ஜெயதேவர் அஷ்டபதி, நாராயண தீர்த்தர் தரங்கம், அப்புறம் பல மொழிப் பாட்டு, விளக்கை நடுவுல வெச்சு சுத்தி வர்ற திவ்யநாமம், ராதா கல்யாணம். மராட்டிய ராஜாக்கள் ஆண்ட ஊர், அதனால அபங்கமும் வந்து உக்காந்துக்கிச்சு. பஜனை மும்மூர்த்திகள்னு சொல்றது போதேந்திரர், ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் மூணு பேரையும். போதேந்திரர் சமாதி காவிரி மணல்ல எங்கன்னே தெரியாமப் போயிடுச்சாம். சத்குரு சுவாமிகள் மணல்ல காதை வெச்சு வெச்சுக் கேட்டுக்கிட்டே வந்து, ராம ராமன்னு சத்தம் வந்த இடத்தைத் தோண்டாம அடையாளம் வெச்சார்னு சொல்வாங்க. ஆடுதுறை பக்கம் கோவிந்தபுரம், இன்னிக்கும் போய் உக்காரலாம். நான் போனப்ப தரையில காதை வெச்சுப் பாத்தேன், வெக்கமாத்தான் இருந்துச்சு. சுத்தி பாத்தா இன்னும் ரெண்டு பேர் அதையே பண்ணிட்டு இருந்தாங்க.

சுவத்துல மாட்டற சாண்டிங் பாக்ஸ் 24 மணி நேரமும் ஓடுது, அது கணக்குல வருமா?

அது சொல்லுது. நீங்க எப்ப சொல்லப் போறீங்க?

இதுக்கு சயின்ஸ் இருக்கா?

2001ல இத்தாலியில ஒரு ஆராய்ச்சி பண்ணி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. கத்தோலிக்க ஜெபமாலையும் "ஓம் மணி பத்மே ஹும்"மும் சொல்ல வெச்சுப் பாத்தாங்க, மூச்சு நிமிஷத்துக்கு ஆறு அளவுக்கு மெதுவாகி இதயத்துடிப்பும் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. ரெண்டு மதத்துக்கும் ஒரே ரிசல்ட்டு, ஆக அது மூச்சு, தாளம் சம்பந்தப்பட்ட விஷயம். வாட்ஸ்அப்ல வர்ற அதிர்வெண், நாசா, பிரபஞ்ச ஒலி எல்லாம் தயவுசெஞ்சு எனக்கு ஃபார்வர்டு பண்ணாதீங்க. தொண்டரடிப்பொடி ஆழ்வார், அச்சுதா அமரரேறேன்னு கூப்பிடற "இச்சுவை"யை விட்டுட்டு இந்திரலோகத்தை ஆள்ற "அச்சுவை" குடுத்தாலும் வேண்டாம்னார். நாக்குல இனிக்குதா இல்லையா, அவர் டெஸ்ட் அவ்ளோதான்.

சொல்லிக்கிட்டே போனா கடைசியில என்ன ஆகும்?

எனக்கு ஆனது ஒண்ணும் இல்ல, அதனால பெரியவங்க சொன்னதைச் சொல்றேன். 1907 நவம்பர் 18, திருவண்ணாமலை விரூபாக்ஷ குகை. காவ்யகண்ட கணபதி முனி கோடிக்கணக்குல மந்திர ஜபம் பண்ணினவர், ஆனா தபஸ்னா என்னன்னு பிடிபடலன்னு ரமணர் காலைப் பிடிச்சார். நான் நான்ங்கறது எங்கேந்து கிளம்புதோ அதைக் கவனி, மந்திரம் சொன்னா அந்தத் த்வனி எங்கேந்து கிளம்புதோ அதைக் கவனி, மனசு அங்க அடங்கும், அதுதான் தபஸ்னார் ரமணர். ஜபத்தை விடுன்னு சொல்லல, கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருன்னார்.

முயற்சி பண்ணிப் பாருங்க, "ராம" சொல்லி முடிச்சதும் அடுத்த "ராம" ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு துளி இடைவெளி இருக்கும். எனக்கு மாசத்துல ஒரு தடவை அது கண்ணுல படும், பட்ட உடனே ஆஹா பட்டுச்சேன்னு சந்தோஷப்பட்டு அதைக் கெடுத்துக்குவேன்.

ராம நாமம் எழுதி முடிச்ச நோட்டை எல்லாம் என்ன பண்றது?

பழைய பேப்பர்காரர்கிட்ட போடாதீங்க. ஆஞ்சநேயர் கோயில்ல ஸ்ரீராமஜெயம் மாலை கட்டிப் போடலாம், நோட்டா இருந்தா வாங்கி வெச்சுக்கற மடம், ஆசிரமம் இருக்கு, புதுக் கோயில் கட்டும்போது அஸ்திவாரத்துல வெக்கறதும் உண்டு. பாட்டி எழுதின 14 நோட்டுல 13ஐ நாங்க அப்படித்தான் குடுத்தோம். ஒண்ணைப் பிரிச்சப்ப, கட்டம் கட்டமா ராம ராமன்னு போய்ட்டு இருக்கு, பக்கத்து நடுவுல திடீர்னு "வேட்டி 2, துண்டு 3, தலகாணி உறை 1, பால் 4 நாள் இல்ல"ன்னு எழுதியிருக்கா, அடுத்த கட்டத்துலேந்து மறுபடி ராம. அதை மட்டும் குடுக்கல.